பெட்டியைக் கொடுத்தாயிற்று, பிள்ளை எங்கே படுப்பான்?

அநாதை இல்லம் ஒன்று பதினெட்டு நிறைந்த பையன்களை வழியனுப்பிய அந்தப் புகைப்படத்தைப் பற்றி இனி ஒரு வரியும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நேற்று இரவு யாரோ அதை எனக்கே அனுப்பி, "பார்த்தீர்களா, எவ்வளவு நல்ல காரியம்!" என்று கேட்டிருக்கிறார்கள். பார்த்தேன். ஐந்து பையன்கள், ஐந்து சக்கரப் பெட்டிகள், ஐந்து குக்கர்கள், ஐந்து பொன்னாடைகள். பின்னால் பதாகையில், 'பதினெட்டு நிறைந்தது, இனி உலகம் உங்கள் கையில்!' பையன்களைவிட நன்கொடையாளர்கள்தான் படத்தில் தெளிவாகத் தெரிகிறார்கள்.

அதன் கீழே நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இன்று இரவு இவர்கள் எங்கே படுப்பார்கள்? வந்த பதில்களை நீங்களும் படித்திருப்பீர்கள். வயிற்றெரிச்சல்காரன், எதிலும் குறை காண்பவன், "நீ எத்தனை அநாதைகளை வளர்த்தாய்?" இன்னும் என்னென்னவோ. கேள்விக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

சரி, நிதானமாகவே சொல்கிறேன். அந்த இல்லத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. (கொஞ்சம் இருக்கிறது. அது கிடக்கட்டும்.) பத்துப் பன்னிரண்டு வருடம் சோறு போட்டுப் படிக்க வைத்திருக்கிறார்கள், யார் மறுத்தது? நான் சொல்வது இவ்வளவுதான்: பதினெட்டு வயதில் நம் வீட்டுப் பிள்ளையை யாரும் வெளியே அனுப்புவதில்லை.

என் மகனுக்கு இருபத்து நான்கு. பெங்களூரில் வேலை, என்னைவிட அதிகச் சம்பளம். அவன் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தது நான். ஒப்பந்தத்தில் கூடவே கையெழுத்துப் போட்டது நான். குழாய் ஒழுகினால் இன்றைக்கும் முதல் போன் எனக்குத்தான் வருகிறது. ஒவ்வொரு முறை ஊருக்கு வந்து போகும்போதும் அவன் அம்மா பருப்புப் பொடி, ஊறுகாய், மடித்த வேட்டி, காய்ச்சல் மாத்திரை வரை கட்டிக்கொடுக்கிறாள். அவனிடம் யாரும் உலகத்தைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தவில்லை. எந்த ஆதரவும் இல்லாத பையனிடம் மட்டும் இந்த வீரத்தை எதிர்பார்க்கிறோம்.

நான் ஏதோ ஆகாசத்திலிருந்து கேட்பதாக நினைப்பவர்களுக்கு: இது சட்டத்திலேயே இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இல்லத்தை விட்டு வெளியேறுகிறவர்களுக்கு 21 வயதுவரை பிற்காப்பு, அதாவது வெளியேறிய பிறகும் ஆதரவு, உண்டு என்கிறது. 2016இல் வந்த மாதிரி விதிகள், தேவைப்பட்டால் 23 வரை நீட்டிக்கலாம் என்கின்றன. ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கத் தற்காலிக வீடு, பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, தொடர்ந்து விசாரித்துக்கொள்ள ஓர் ஆலோசகர் எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய்க்கும் இடம் இருக்கிறது. ஆனால் 'வழங்கப்படலாம்' என்றுதான் சட்டம் பேசுகிறது. விண்ணப்பம் போட்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நடந்து, பிடித்துத் தள்ள ஒரு பெரியவர் வேண்டும். பெரியவர் யாரும் இல்லாததால்தானே அவன் இல்லத்துக்கே வந்தான்?

எங்கள் அச்சகத்துக்கு அப்படி ஒரு பையன் வந்தான். பைண்டிங் வேலை. கை சுத்தம், வேலை சுத்தம், ஒரு தாள் பிசகாது. தங்க இடமில்லாமல் மாடியில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே பாய் விரித்தான். இரவெல்லாம் விளக்கு எரிந்தது. கரண்ட் பில்லைப் பார்த்துக் கத்தினேன், வாஸ்தவம்தான். பிறகுதான் தெரிந்தது, அவன் வளர்ந்த கூடத்தில் அறுபது பேர் படுப்பார்களாம், ராத்திரி முழுக்க ஒரு குழல்விளக்கு எரியுமாம். தனி அறையில், இருட்டில், அவன் ஒருநாளும் தூங்கியதே இல்லை.

மதியம் ஒரு மணிக்குக் கையைக் கழுவிவிட்டு வாசல் பக்கம் போய் நிற்பான். சாப்பிடப் போகமாட்டான். யாராவது "போய்ச் சாப்பிடுடா" என்றால்தான் நகருவான். மணி அடித்துப் பழகிய பிள்ளை. முதல் மாதச் சம்பளத்தை வாங்கிய வாரத்திலேயே ஒரு செல்போன், கூட வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் பிரியாணி என்று செலவழித்துவிட்டு, மாதக் கடைசியில் டீயும் பன்னுமாக ஓட்டினான். பணத்தை எண்ணிச் செலவு செய்ய யாரும் சொல்லித்தரவில்லை, ஏனென்றால் அதுவரை அவன் கையில் பணமே இருந்ததில்லை. காய்ச்சல் வந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தானாகவே போகலாம் என்பதுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

படிப்பில் குறை இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண். ஆனால் குக்கர் கொடுத்தவர்கள் யாரும் அதற்கு எத்தனை டம்ளர் தண்ணீர் என்று சொல்லவில்லை.

வீடு பார்க்கப் போனோம். "சொந்த ஊர் எது? அப்பா என்ன செய்கிறார்?" போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி இதுதான். இல்லத்தில் வளர்ந்தவன் என்றதும் முகம் மாறும். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பார்கள். பிறகு போனை எடுக்கமாட்டார்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அதிகமும் வாங்கலாம் என்று கூடவே ஒரு சந்து விட்டும் வைத்திருக்கிறது. அந்தச் சந்துக்குள்தான் சென்னை முழுக்கக் குடியிருக்கிறது. மாதம் பன்னிரண்டாயிரம் சம்பாதிக்கிறவன் எங்கே போவான்?

அவனோடு வளர்ந்த இன்னொருவன் எங்கே போனான் தெரியுமா? வால்டாக்ஸ் சாலை நடைபாதைக்கு. அவன் அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். எந்த நடைபாதை பிள்ளைக்கு ஆகாது என்று சின்ன வயதில் தூக்கிக்கொண்டு போனார்களோ, அதே நடைபாதைக்குப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழோடு திரும்பி வந்திருக்கிறான். வீடற்றோருக்கான மாநகராட்சிக் காப்பகம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அது மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க. பத்தொன்பது வயதில் வாழ்க்கையைத் தொடங்க அல்ல.

நடைபாதைக்குத் திரும்பிய இந்தப் பையனுக்கு இன்னொரு சிக்கல். பத்து வயதுக்கு முன்பே பெற்றோர் இருவரையும் இழந்து, யாருமற்று, அரசு அல்லது அங்கீகாரம் பெற்ற இல்லத்தில் சேர்ந்த பிள்ளைகளைத் தமிழக அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் இவனுக்கு அம்மா உயிரோடு இருக்கிறாளே! அவளிடம் ஒரு தாளும் இல்லை. ஆகவே இவன் அநாதையும் இல்லை, குடும்பத்துப் பிள்ளையும் இல்லை. விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் இவனை எழுதுவது?

இப்போது என் பழைய நண்பர் வருவார். "என் தாத்தா பதினான்கு வயதில் வெறுங்கையோடு பம்பாய் ரயில் ஏறினார், யார் உதவினார்கள்?" என்று எழுதுவார், ஏற்கெனவே எழுதியும் இருக்கிறார். மகிழ்ச்சி. ரயிலை விட்டு இறங்கியதும் தாத்தா எங்கே போனார்? தாராவியில் ஊர்க்காரர் கடைக்கு. கடைக்குள்ளேயே மூட்டைமேல் படுக்கை, முதலாளி வீட்டுச் சாப்பாடு. ஊர், சாதி, மாமன், மச்சான் என்று ஒரு பட்டாளமே தாங்கியது. அதைச் சொன்னால் கதையில் வீரம் குறைந்துவிடும், அதனால் சொல்வதில்லை.

"இன்னும் மூன்று வருடம் வைத்திருந்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள்" என்று ஓர் அம்மையார். அவர் மகன் முப்பதிலும் அவர் வீட்டில்தான் இருக்கிறான் என்பது எனக்குத் தெரியும், போகட்டும்.

அடுத்த குழந்தைக்குக் கட்டில் வேண்டுமே, இடத்துக்கு எங்கே போவது என்று இல்ல நிர்வாகிகள் கேட்பது நியாயம். பதினெட்டைத் தாண்டியவனைச் சின்னப் பிள்ளைகளோடு ஒரே கூடத்தில் வைத்திருப்பதும் சரியல்ல. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கட்டிலைக் கேட்கவில்லை. வெளியே, நாலு பேர் சேர்ந்து இருக்க ஒரு வாடகை வீடு. பதினாறு வயதிலிருந்தே வங்கிக் கணக்கும் சமையலும் பழக்கம். ஆதாரில் முகவரி மாற்றவும், ஆபத்துக்குப் போன் செய்யவும் ஒரு பெரியவர். இவ்வளவுதான்.

இதற்குப் பணமில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த இல்லத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மாதக்கணக்கில் முன்பதிவு. பிறந்தநாள், மணநாள், திதி. பிள்ளைகள் வரிசையாக நின்று, யாரென்றே தெரியாத ஒருவருக்கு வாழ்த்துப் பாடிவிட்டுக் கேசரியைத் தொடவேண்டும். போன வருடம் அங்கே பேசிப் பார்த்தேன். ஒரு நாள் விருந்துக்குக் கொடுக்கும் தொகையை ஒரு பையனின் அட்வான்ஸுக்குத் தரமுடியுமா என்று நன்கொடையாளர்களிடம் கேட்கச் சொன்னேன். "அட்வான்ஸைப் படம் எடுக்க முடியாதே சார்" என்று அலுவலகத்தில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குத்தான் இன்னும் செரிக்கவில்லை.

கல்லூரிக் காலத்திலிருந்து என்னோடு பழகிய இன்னொரு நண்பர், என் மகன் பெயர்சூட்டு விழாவுக்கு வந்தவர், இந்த ஒரு கேள்விக்காக என்னை நட்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். அவர் மனைவியின் பிறந்தநாள் அங்கேதான் கொண்டாடப்படுகிறது. என் கேள்வி அவர் புண்ணியத்தில் கை வைத்துவிட்டது போலிருக்கிறது. வருத்தம்தான், இல்லை என்று எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? ஆனாலும் அந்த ஐந்து பேர் எங்கே படுத்தார்கள் என்பதை அவரும் விசாரிக்கவில்லை.

நான் விசாரித்தேன். இரண்டு பேர் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறையில், ஏற்கெனவே மூவர் இருக்கும் இடத்தில் ஒண்டியிருக்கிறார்கள். ஒருவன் வேலை செய்யும் ஓட்டலிலேயே படுக்கிறான். மற்ற இருவரின் எண்களும் அணைத்து வைக்கப்பட்டிருக்கின்றன.

பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர் பக்கம் நாலு பேர் தங்கும்படி வீடு வைத்திருப்பவர்கள், மூன்று மாத அட்வான்ஸுக்குச் சம்மதித்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். ஒப்பந்தத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன். கைகூப்பும் பொம்மை மட்டும் போடுகிறவர்கள் தயவுசெய்து அப்படியே நகர்ந்துவிடுங்கள்.