லாபத்தில் பாதி எங்கள் கிணற்றுடையது

'நேர்மை பார்த்தால் தொழிலில் நாலு காசு சேராது' என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், நிறைந்த எங்கள் வாணியம்பாடிப் பக்கம் வந்து பாருங்கள். டேனரிக் கழிவு இறங்கிய தாத்தா காலத்துக் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துவிடும். தென்னையில் குரும்பை நிற்பதில்லை. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்று 1996-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலூர் வழக்குதான் அது. டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். கிணறு தூர்வாரக் காணுமா அது?

ஆனால் எங்கள் தெருவுக்குச் சோறு போட்டதும் தோல்தான், மறைக்கவில்லை. சித்தப்பாவும் சின்ன டேனரி வைத்திருந்தார். பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டே இரண்டு பெண்களுக்கும் கல்யாணம் முடித்தார். பக்கத்து டேனரிக்காரர் மழை ராத்திரி பார்த்துக் கழிவைப் பாலாற்றில் திறந்துவிடுவார். என்ன, அவர்தான் முதலில் கார் வாங்கினார்.