உரிமத்தை ரத்து செய்தால் மட்டும் போதுமா?
ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்ததாரர்களின் உரிமத்தை ரத்து செய்தாலே, அவர்களில் மோசடி செய்பவர்கள் ஒழிந்துவிடுவார்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நடைமுறை அப்படி இல்லை. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டப்படி, உரிமம் ரத்தானவர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய முடிந்தது. அது சரி, அந்த வாய்ப்பு இருக்கத்தான் வேண்டும். ஆனால் நான் வேலை பார்த்த ஆலையில் உரிமம் போனவர் மேல்முறையீட்டுக்கே போகவில்லை. மனைவி பெயரில் புது உரிமம் வாங்கிவிட்டார். அதே சூப்பர்வைசர், அதே நீலச் சட்டை, அடையாள அட்டையில் மட்டும் வேறு பெயர். பழைய சம்பளப் பாக்கியை யாரிடம் கேட்பது என்றே அவரிடம் வேலை பார்த்த பையன்களுக்குத் தெரியவில்லை. ஒப்பந்ததாரர் தராவிட்டால் வேலை வாங்கிய நிறுவனமே தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு சொன்னது; அதன் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அதையே சொல்கிறது. அதிகாரிகள் முதலில் அதைக் கையில் எடுக்கட்டும். ஆனால் இந்தத் தொகுப்புச் சட்டம், எத்தனை ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தால் உரிமம் வாங்க வேண்டும் என்ற வரம்பையே 20 பேரிலிருந்து 50 ஆக்கிவிட்டது. 49 பேரை வைத்து வேலை வாங்குபவரிடம் ரத்து செய்ய உரிமம் ஏது?