64 கேபிபிஎஸ்ஸில் ஓடும் அன்லிமிடெட்

மொபைல் டேட்டா பிளானில் 'அன்லிமிடெட்' என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். கீழே பொடி எழுத்தில், இத்தனை ஜிபி தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறையும் என்று இருக்கும். நெட்டை நிறுத்தவில்லையே, அப்படியானால் அன்லிமிடெட்தானே என்கிறார்கள். இந்த வாதத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 64 கிலோபிட்; எட்டு பிட் ஒரு பைட் என்பதால், நொடிக்கு 8 கிலோபைட். 3 எம்பி போட்டோ ஒன்று இறங்க ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். வீடியோ கால் நடக்கவே நடக்காது. ராத்திரி பகல் பாராமல் 24 மணி நேரமும் ஓடவிட்டாலும் 700 எம்பியைத் தாண்டாது. வேகத்தைக் கட்டிப்போட்டாலே அளவையும் கட்டிப்போட்டதாகத்தான் ஆகிறது.

படம் பார்ப்பவர்களின் புலம்பல் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். 2018-இல் கலிபோர்னியாவில் மெண்டோசினோ காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்தபோது, சான்டா கிளாரா தீயணைப்புத் துறையின் கட்டுப்பாட்டு வண்டியில் இருந்த வெரைசான் என்ற மொபைல் நிறுவனத்தின் இணைப்பு இருநூறில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைக்கப்பட்டது. அதுவும் அன்லிமிடெட் பிளான்தான். தடையை நீக்கச் சொல்லிக் கேட்டவர்களிடம், கூடுதல் விலை பிளானுக்கு மாறச் சொன்னார்கள். தங்கள் வாடிக்கையாளர் சேவையின் தவறு என்று நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. தீ அதுவரை காத்திருக்குமா?

டவரின் அலைவரிசையைப் பலர் பங்கு போடுகிறோம், நெரிசல் நேரத்தில் வேகம் குறையும். அது நியாயம், நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரே தூங்கும் நள்ளிரவில், டவர் காலியாக இருக்கும்போதும் அதே 64 என்றால் அதற்கு நெரிசலைக் காரணம் காட்ட முடியாது. அது வியாபாரம்.

தட்டிக் கேட்டால் பலன் உண்டு. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2014-இல் ஏடி அண்ட் டி என்ற மொபைல் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. அன்லிமிடெட் என்று விற்றுவிட்டு, மாதத்தில் வெறும் 2 ஜிபி தாண்டியவர்களின் வேகத்தைக்கூடக் குறைத்தார்கள், 35 லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. 2019-இல் 6 கோடி டாலருக்கு வழக்கு முடிந்தது. எனக்குப் பணத்தைவிட அதிலிருந்த நிபந்தனைதான் பெரிது: வரம்பு இருந்தால் அதைப் பொடி எழுத்தில் ஒளிக்காமல், பளிச்சென்று சொல்லியாக வேண்டும்.

எல்லா நாட்டிலும், எல்லா கம்பெனிக்கும் இந்த விதி வர வேண்டும். முழு வேகத்தில் எத்தனை ஜிபி, அதற்குப் பிறகு என்ன வேகம். இரண்டையும் 'அன்லிமிடெட்' இருக்கும் அதே அளவு எழுத்தில் போடட்டும். ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு, வீடியோவின் தெளிவு 480பி-க்கு மேல் போகாதபடி பூட்டு என்று இருந்தால் அதையும் சேர்த்து. அதுவரை ரீசார்ஜ் செய்யும் முன் இந்தக் கேள்விகளை நாமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வோம்.