டாலரை ஏற்ற ஈக்வடார்: விலைவாசி அடங்கியது, வளர்ச்சி?

சொந்த நாணயத்தைக் கைவிட்டு டாலரை ஏற்றுக்கொண்டாலே விலைவாசி அடங்கி வளர்ச்சி தானாக வந்துவிடும் என்று, தென் அமெரிக்காவின் எண்ணெய் ஏற்றுமதி நாடான ஈக்வடாரைக் காட்டி வாதிடும் ஒரு கட்டுரையின் முடிவில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. 2000 ஜனவரியில், ஒரு டாலருக்கு 25,000 சுக்ரே (அந்நாட்டின் பழைய நாணயம்) என்ற விகிதத்தில் ஈக்வடார் டாலருக்கு மாறப்போவதாக அறிவித்த அதிபர் ஜமில் மவாத் அதே மாதத்தில் பதவியிழந்தார். அவர் எடுத்த முடிவு மட்டும் நிலைத்தது. அவ்வாண்டு 90 விழுக்காட்டைத் தாண்டிய பணவீக்கம் சில ஆண்டுகளில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது உண்மையே. ஆனால் அதன்பின் வந்த வளர்ச்சியில் கச்சா எண்ணெயின் விலையேற்றத்துக்கும், 2003இல் இயங்கத் தொடங்கிய புதிய எண்ணெய்க் குழாய்க்கும், பிழைப்புக்காக வெளிநாடு சென்றவர்கள் அனுப்பிய பணத்துக்கும் இருந்த பங்கைக் கட்டுரை கணக்கில் கொள்ளவேயில்லை.

2015இல் எண்ணெய் விலை சரிந்து டாலர் வலுத்தபோது, அண்டை நாடான கொலம்பியாவின் நாணயமான பெசோ மதிப்பிறங்கி அந்நாட்டுக்கு அதிர்ச்சியைத் தாங்கிக் கொடுத்தது. சொந்த நாணயம் இல்லாத ஈக்வடாருக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. டாலர் கொடுப்பவர்களுக்கு அங்கே பொருள்கள் மலிவானதால், தங்கள் எல்லையோர ஊரான துல்கானைக் கடந்து ஈக்வடார் மக்கள் கொலம்பியாவின் இப்பியாலெஸுக்குப் போய்த் தொலைக்காட்சிப் பெட்டியும் டயரும் மளிகையும் வாங்கி வர, துல்கான் வணிகர்கள் வியாபாரமின்றித் தவித்தார்கள். அடுத்த ஆண்டு ஈக்வடாரின் பொருளாதாரமே சுருங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் அந்நாட்டைத் தாக்கிய நிலநடுக்கமும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை.