கோல்டின் அப்படிச் சொல்லவில்லை

"ஆண், பெண் ஊதிய வேறுபாடு முழுக்கப் பெண்களின் சொந்த விருப்பம், பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டினே நிரூபித்துவிட்டார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதியைப் படித்துவிட்டு மீதியை விட்டுவிட்டார்.

இன்று இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி ஒரே தொழிலுக்குள்ளேயே இருக்கிறது, முதல் குழந்தை பிறந்தபின்தான் அது விரிகிறது என்றுதான் கோல்டின் காட்டினார். 2010இல் பொருளாதார அறிஞர்கள் பெர்ட்ராண்ட், காட்ஸ் இருவருடன் அவர் வெளியிட்ட ஆய்வில், எம்.பி.ஏ. முடித்த ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய ஒரே சம்பளத்தில்தான் தொடங்குகிறார்கள்.

பிறகு என்ன நடக்கிறது? நள்ளிரவிலும் போனை எடுப்பவருக்குச் சில வேலைகள் மணிக்கணக்கை மிஞ்சிய கூலி தருகின்றன. குழந்தைக்குக் காய்ச்சல் என்று பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால், ஒருவர் கூட்டத்திலிருந்து எழுந்தே ஆக வேண்டும். இருவரும் எழுந்தால் இருவருக்கும் நட்டம். ஆகவே ஒருவர் சம்பளத்தைக் காப்பாற்ற மற்றவர் விட்டுக்கொடுக்கிறார். பெரும்பாலும் யார் என்று சொல்லத் தேவையில்லை. இதைத் தேர்வு என்று சொல்லலாம்தான், ஆனால் விலைப்பட்டியலை எழுதியது அவர் அல்லர்.

அப்படி எழுதியவர் இன்னொன்றையும் கவனிக்கவில்லை. அமெரிக்க மருந்தாளுநர்களிடையே இந்த வேறுபாடு மிகக் குறைவு. ஒருவர் இடத்தில் இன்னொருவர் நின்று மருந்து கொடுக்க முடிகிறது. பகுதிநேரம் வேலை செய்தாலும் மணிக்கூலி பெரிதாகக் குறைவதில்லை. இதையும் ஆராய்ந்தவர் அதே கோல்டின்தான், காட்ஸுடன் சேர்ந்து.