வீட்டில் ஆள் குறைந்தால் குடும்பம் உடைந்துவிட்டது என்று அர்த்தமா?

ஒரு வீட்டுக்குச் சராசரியாக எத்தனை பேர் என்ற கணக்கு வெளியானால் போதும், "கூட்டுக்குடும்பம் செத்துப்போச்சு, இந்தத் தலைமுறைக்குப் பாசமே இல்லை" என்று புலம்பல் தொடங்கிவிடும். அந்த எண் அப்படி எதையும் சொல்லவில்லை.

கணவன், மனைவி, நான்கு பிள்ளைகள், ஒரு பாட்டி: மொத்தம் 7 பேர். இந்தத் தலைமுறையின் இன்னொரு வீட்டில் கணவன், மனைவி, ஒற்றைப் பிள்ளை, பாட்டி: 4 பேர். இங்கும் கணவன் மனைவி தனிக்குடித்தனம் போகவில்லை, பாட்டியும் கூடவேதான் இருக்கிறார். குறைந்தது பிள்ளைகள் மட்டும்தான். வீடுகள் சுருங்கியதற்கு முக்கியமான காரணமே இதுதான்.

அந்தக் காலத்தில் உலகமே பெரிய பெரிய குடும்பமாக வாழ்ந்தது என்பதும் சரியில்லை. பீட்டர் லாஸ்லெட் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியர், 1574 முதல் 1821 வரையிலான காலத்தைச் சேர்ந்த நூறு இங்கிலாந்து ஊர்களின் ஆள்பட்டியல்களை எடுத்துக் கணக்குப் போட்டார். வீட்டோடு தங்கிய வேலையாட்களையும் சேர்த்தே வீட்டுக்குச் சராசரியாக 4.75 பேர்தான் வந்தது. ஆயுள் குறைவாக இருந்த காலத்தில், பேரப்பிள்ளைகள் வளர்வதைப் பார்க்கத் தாத்தா பாட்டிகள் பலர் உயிரோடே இல்லை.

பிறகு ஏன் எல்லோருக்கும் பெரிய வீடே நினைவில் நிற்கிறது? பத்து வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பதில் மூன்று மூன்று பேர், ஒன்றில் 13 பேர். சராசரி 4. ஆனால் மொத்தமுள்ள 40 பேரில் 13 பேர், அதாவது மூன்றில் ஒருவர், அந்த ஒரே பெரிய வீட்டில் வளர்ந்தவர்கள். பிற்பாடு கதை சொல்ல அந்த ஒரே வீட்டிலிருந்து இத்தனை பேர் வருகிறார்கள்.

இன்னொரு சிக்கல், எதை ஒரு வீடு என்று எண்ணுகிறோம் என்பது. சில நாடுகள் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறவர்களை ஒரு வீடாக எண்ணுகின்றன; சில நாடுகள் ஒரே வீட்டு முகவரியில் இருக்கிற எல்லோரையும். மாடியில் அண்ணன், கீழே தம்பி, அடுப்பு மட்டும் தனி என்றால் முதல் முறையில் அது இரண்டு வீடு. அன்றாடம் பார்த்தால் ஒரே குடும்பம்தான். இது தெரியாமல் இரண்டு நாட்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது வீண்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது சொந்தங்களின் எண்ணிக்கையைப் பற்றி. எல்லோருக்கும் நான்கு பிள்ளைகள் என்றால், ஒரு குழந்தைக்கு அப்பா வழியில் 12, அம்மா வழியில் 12, ஆக 24 பேர் பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி பிள்ளைகள். இரண்டிரண்டு என்றால் 4. இரண்டு தலைமுறை தொடர்ந்து ஒற்றைப் பிள்ளை என்றால் பூஜ்ஜியம். கூடி வாழ எவ்வளவு மனமிருந்தாலும் அங்கே சேர்ந்திருக்க அண்ணன் தம்பியே கிடையாது. இதில் பாசத்தைக் குறை சொல்வது அநியாயம்.

ஆகவே தலையை எண்ணுவதைவிட வேறு கேள்விகள் வேண்டும். முதியவருக்கு நள்ளிரவில் மூச்சுத் திணறினால் அரை மணி நேரத்தில் வந்து சேரக்கூடியவர் யார்? மருந்துச் செலவு யாருடையது? தினமும் பேசுவது யார்? மகளா, மருமகளா, சம்பளத்துக்கு வரும் பெண்ணா என்று பெயர் போட்டு எழுதிப் பாருங்கள். மூன்று கேள்விக்கும் ஒரே பெயர் வந்தால், வீட்டில் எட்டுப் பேர் இருந்தாலும் சுமை முழுக்க அந்த ஒருவர் தலையில்தான் இருக்கிறது. அவருக்கு உடம்பு முடியாமல் போவதற்கு முன்பே இரண்டாவது பெயரை முடிவு செய்யுங்கள்.