கூட்டு என்று எழுதுவதற்கு முன்னால் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள்

நேற்று நேரலையில் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றிப் பேச வருகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்களுக்கு ஒரு வரி: ஒகேனக்கல்லை முன்னால் வைத்து, நம் தருமபுரி மாவட்டச் சுற்றுலாத் திட்டத்தை மேடை போட்டு விளக்கிய கூட்டம் அது. மீதியைப் பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள், முதலிலிருந்து சொல்லும் பொறுமை எனக்கில்லை. இராத்திரியே எழுத உட்கார்ந்து இரண்டு முறை அழித்துவிட்டேன். காலையில் நிதானமாக எழுதலாம் என்று படுத்தேன். விடிந்தும் நிதானம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

மேடையில் பெரிய பேனர். மக்கள் பங்கேற்புடன் கூடிய கூட்டுத் திட்டமாம். இருபது ஆண்டுக்கான சுற்றுலாத் திட்டமாம். முதல் ஸ்லைடில் 'ஒகேனக்கல்' என்று பெயர் போட்டு ஓர் அருவி. அது கேரளத்து அதிரப்பள்ளி! அங்கே ஆறு அகலமாக வந்து ஒரே விளிம்பிலிருந்து குதிக்கும். நம் ஊரில் காவிரி பாறைகளுக்குள் பிரிந்து பிரிந்து, கிடைத்த சந்திலெல்லாம் கொட்டும். ஒகேனக்கல் ஐந்தருவிப் பக்கம் ஒரு தடவை போய் நின்றவன்கூட ஏமாற மாட்டான். கடைசி வரிசைக்குப் பின்னால், நாற்காலி கிடைக்காமல் நின்றிருந்த பரிசல்கார அண்ணன் ஒருவர் கையைத் தூக்கி, "சார், அது எங்க ஊரு அருவி இல்லீங்க" என்றார். கிடைத்த பதில்: "அது மாதிரிப் படம்தாங்க, விடுங்க."

சரி, விட்டோம். அவர் மறுபடி வாயெடுத்தபோதுதான் அது வந்தது. "கருத்து ஏதாவது இருந்தா எழுதிக் கொடுங்க, பரிசீலிக்கிறோம்."

நாற்பது வருடமாகத் துடுப்புப் பிடித்த கை அது. பேனா பிடித்ததில்லை. ஒரு மனு எழுதவும் பேரனைத்தான் கூப்பிடுவார். அவரிடம் போய் எழுதிக் கொடு என்றால் போய்விடு என்று அர்த்தம். அவருக்கும் புரிந்தது, போய்விட்டார்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. அந்த ஆற்றை நம்பிப் பிழைக்கிறவர்களை எதிரே உட்காரவைத்துப் பேசாமல் போடும் திட்டத்துக்குக் கூட்டுத் திட்டம் என்று பெயர் வைக்காதீர்கள். வேறு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். கூட்டு என்றால் பூசணிக்காய்க் கூட்டு என்று நினைத்துவிட்டார்களோ என்னவோ. எல்லாவற்றையும் வேகவைத்து இறக்கிவிட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட மட்டும் நம்மைக் கூப்பிடுகிறார்கள்.

என் அம்மா ஒகேனக்கல்லில் மீன் வறுத்தவர். பலருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் பென்னாகரத்தில் பஸ் ஏறி, காட்டு ரோட்டில் இறங்கி, பத்து மணிக்குள் அடுப்பு மூட்டியாக வேண்டும். வருகிறவர்கள் மீனை வாங்கிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். மீன் அவர்களுடையது. மசாலா, எண்ணெய், விறகு, வேர்வை எல்லாம் அம்மாவுடையது. அவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வரும்போது தட்டு தயாராக இருக்கும். அந்தக் காசில்தான் நான் பாலிடெக்னிக் முடித்தேன்.

ஆடி மாதம் வந்தால் எங்கள் வீட்டில் வானொலியை ஒருவர் தவறாமல் கேட்போம். கர்நாடகத்தில் கபினி அணையும் கிருஷ்ணராஜசாகர் அணையும் நிரம்பினால் தண்ணீர் திறப்பார்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தி வரும். ஊருக்கெல்லாம் அது சந்தோஷச் செய்தி. மேட்டூர் நிரம்பும், டெல்டாவில் நாற்று நடுவார்கள். எங்களுக்கு? வெள்ளம் கூடினால் குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை, ஆளே வராது. கன அடி ஏற ஏற அம்மா உலையில் போடும் அரிசி குறையும். செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் படியை எடுப்பார். மிகையாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், அந்தப் படி இன்னும் வீட்டில் இருக்கிறது.

நேற்றைய ஸ்லைடு ஒன்றில் 'ஆண்டு முழுவதும் சுற்றுலா' என்று போட்டிருந்தார்கள். தடை போட்டிருக்கும் நாட்களில் பரிசல்காரர், மசாஜ் செய்கிறவர், மீன் வறுக்கிற பெண்கள் எல்லாம் என்ன சாப்பிடுவார்கள் என்று ஒரு வரி இல்லை. ஏன் இல்லை? அந்தக் கேள்வி தெரிந்த ஒருவரும் அந்த மேசையில் இல்லை. கண்ணாடிப் பாலத்துக்கு மட்டும் மூன்று ஸ்லைடு.

இனி வரப்போகும் கமெண்டுகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன், வேலை மிச்சம்.

"படிக்காதவங்ககிட்ட என்ன திட்டம் கேட்கிறது?" தண்ணீர் எந்த அளவு இறங்கினால் எந்தப் பாறை தலை காட்டும், எங்கே சுழல் இழுக்கும், எந்தத் துறையில் எப்போது பரிசலைத் தள்ளலாம், எப்போது தொடவே கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். மூங்கிலை வளைத்துப் பின்னிய ஒரு வட்டக் கூடையில் முன்பின் தெரியாத நாலு பேரை உட்காரவைத்துக் கரை சேர்க்கிறவரிடம் கேட்க ஒன்றுமில்லை என்றால், அப்புறம் யாரிடம்தான் கேட்பீர்கள்?

"அவங்க கண்டபடி காசு கேட்கிறாங்க." கேட்கிறார்கள். மறைக்கவில்லை. என் சித்தப்பா மகனே கேட்டிருக்கிறான், அதற்காக நான் அவனோடு சண்டையே போட்டிருக்கிறேன். லைஃப் ஜாக்கெட் போடச் சொன்னால் முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. விபத்துகளும் நடந்திருக்கின்றன. இதையெல்லாம் பேசித்தானே சரிசெய்ய முடியும்? பேசத்தானே உட்காரவையுங்கள் என்கிறேன்? திட்டுவதற்கு மட்டும் அவர்கள் வேண்டும், திட்டம் போட வேண்டாமா?

"நீ ஓசூர்ல ஏசியில உட்கார்ந்துகிட்டு பேசுற." இதற்குப் பதில் சொல்ல மாட்டேன். நான் ஏன் ஓசூருக்கு வந்தேன் என்று யோசித்துப் பாருங்கள், போதும்.

இன்னொன்று. நேற்றுக் காட்டிய திட்ட வரைபடம் தருமபுரி மாவட்ட எல்லையோடு கத்தரித்து வைத்தாற்போல் நின்றுவிட்டது. 2004 பிப்ரவரி 9 வரை தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டம். அதன் பிறகும் ஒரே ஆற்றைத்தான் குடிக்கிறோம். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு, பிள்ளைகளுக்குப் பல் காவியாகிறது என்பதால்தானே ஜப்பானில் கடன் வாங்கி 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது? 2013இல் திறந்தபோது இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்துத்தானே குழாய் போட்டார்கள்? குடிக்க மட்டும் கூட்டு, சுற்றிப் பார்க்கத் தனித்தனியா? பெங்களூரிலிருந்து வருகிறவர் காலையில் கிளம்பி, குளித்து, மீன் சாப்பிட்டு, சாயங்காலமே திரும்பிவிடுகிறார். காலி பாட்டில்தான் இங்கே ராத்தங்குகிறது. அவர் வரும் வழியிலேயே இருக்கிறது ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளி, ராஜாஜி பிறந்த ஊர். கொஞ்சம் விலகினால் ராயக்கோட்டைக் கோட்டை. கிருஷ்ணகிரிப் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக்காலச் சான்று கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். நாலாயிரம் வருடத்துக்கு மேல்! நேற்று அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நம் பக்கம் வயலோரத்தில் நிற்கும் நடுகற்களைப் பற்றியும் இல்லை.

பாப்பாரப்பட்டிக்கு ஒரு வரி கொடுத்திருந்தார்கள், 'தியாகி நினைவிடம்' என்று. பெயர்கூடப் போடவில்லை. சுப்பிரமணிய சிவா ஐயா, அவர் பெயர். வெள்ளைக்காரன் சிறையில் குட்டநோயை வாங்கி, அந்த நோயைச் சொல்லி ரயிலில் ஏறவும் விடாததால், புண் கால்களோடு ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசிய மனிதர். 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில்தான் கண்ணை மூடினார். பக்கத்துத் தெருப் பாட்டியைக் கேட்டிருந்தால்கூட இந்தப் பெயர் கிடைத்திருக்கும். யாரையும் கேட்கவில்லை என்பதுதான் என் புகாரே. எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து நிற்கிறேன், மன்னிக்கவும்.

காட்டையும் கேட்கவில்லை. 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்தாகிவிட்டது. காட்டு ரோட்டில் யானை குறுக்கே வந்து நின்றால் அம்மா வந்த பஸ் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்கும். படத்தில் வரைந்த ரிசார்ட்டுகளுக்கு யானை வழிவிடுமா என்று வனக்காவலர் ஒருவரையாவது மேடையேற்றிக் கேட்டிருக்கலாம்.

எனக்கு என்ன வலி என்றால், எங்களை 'பின்தங்கிய மாவட்டம்' என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்டார்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். ஊரிலேயே சொந்தக் காலில் நிற்கிற தொழில் என்று இருப்பது இந்த மாதிரி நாலைந்துதான். நேற்றைய திட்டத்தில் 'உள்ளூர் மக்களுக்கு வேலைவாய்ப்பு' என்றொரு ஸ்லைடு இருந்தது. கண்ணைச் சுருக்கிப் படித்தேன். பாதுகாவலர், துப்புரவு, தோட்டப் பராமரிப்பு. தன் பரிசலுக்குத் தானே முதலாளியாக இருக்கிறவரைச் சீருடை மாட்டி கேட்டில் நிறுத்தி வருகிறவனுக்கெல்லாம் சல்யூட் அடிக்கவைப்பதற்கு இருபது வருடத் திட்டம் எதற்கு? இதைச் சொன்னால் நான் வளர்ச்சிக்கு எதிரி. இருந்துவிட்டுப் போகிறேன். அம்மாவின் அடுப்பும் ஒருவகை வளர்ச்சிதான் என்று நினைத்து வளர்ந்தவன் நான்.

அடுத்த கூட்டம் இருக்கிறதாம். மண்டபத்தில் வேண்டாம், ஒகேனக்கல்லை ஒட்டிய ஊட்டமலையில் வையுங்கள். மரத்தடி போதும். ஸ்லைடு வேண்டாம், பேசினாலே புரியும். எழுதத் தெரிந்தவர்கள் நீங்கள், எழுதிக்கொள்ளுங்கள்.

காலையில் அந்த அண்ணனே போன் செய்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், ஏன் என்று எனக்கே தெரியவில்லை. அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "தம்பி, நேத்து அந்தப் படத்துல இருந்துச்சே, அது எந்த ஊரு? நல்லா இருந்துச்சு. தண்ணி கூடித் தொழில் இல்லாத நாள்ல அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வரலாம்" என்றார்.